இரும்பு கரைவதற்குள் ஒரு படலம்: மைல்டு ஸ்டீல் மீது பாலிஅனிலின் பூச்சு – ஒரு நிகழ்வு ஆய்வு

கந்தக அமிலத்தில் கொஞ்சம் அனிலினை (பென்சீன் வளையத்தோடு நைட்ரஜன் சேர்ந்த ஒரு அமீன்) கரைத்து, அதில் ஒரு பிளாட்டினத் தகட்டை நேர்மின்முனையாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், சில நிமிடங்களில் தகட்டின் மேல் பாலிஅனிலின் என்ற பாலிமரின் பச்சைப் படலம் பிடித்துவிடும். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் செய்து காட்டலாம். இப்போது கரைசலை மாற்றாமல் பிளாட்டினத்தை எடுத்துவிட்டு ஒரு மைல்டு ஸ்டீல் (கார்பன் குறைந்த சாதாரண எஃகு) தகட்டைத் தொங்கவிடுங்கள். பச்சை வராது. மின்சாரம் முழுவதும் இரும்பைக் கரைப்பதிலேயே போய்விடும். வெளியே எடுத்துப் பார்த்தால் தகடு இளைத்து, மேற்பரப்பு கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும்.

அமீன் அதேதான், அமிலமும் அதேதான். உலோகம் மட்டும்தான் மாறியது. அமீன்களை மின்வேதி முறையில் ஆக்சிஜனேற்றி (அதாவது எலக்ட்ரான்களை இழக்கச் செய்து) பூச்சு உருவாக்குவது பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அமீன் எப்படிப் பாலிமராகிறது என்பதில்தான் நேரம் செலவிடுகின்றன. நடைமுறையில் பூச்சு பிடிக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது, அந்தக் கரைசலில் உலோகம் என்ன செய்துகொள்கிறது என்பதுதான். மைல்டு ஸ்டீலும் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்த நிகழ்வு இதைத் தெளிவாகக் காட்டுவதால் அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அமீனின் பக்கம்

அனிலினை மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றுவது பழைய வேலை. லண்டன் மருத்துவமனைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹென்றி லெத்தபி 1862-ல் அனிலின் சல்பேட் கரைசலில் பிளாட்டின மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். நேர்மின்முனையில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு பொருள் படிந்தது. அனிலின் உடலுக்குள் போனால் என்ன ஆகிறது என்பதில் அவருக்கு இருந்த அக்கறைதான் அவரை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. அதற்கு 6 ஆண்டுகள் முன்பு, 1856-ல், வில்லியம் பெர்க்கின் அனிலினை டைகுரோமேட்டால் ஆக்சிஜனேற்றி ஊதாச் சாயம் எடுத்திருந்தார். அந்தக் காலத்து வேதியியலாளர்கள் எல்லோருடைய கண்ணும் நிறத்தின் மேல்தான் இருந்தது. படிந்த பொருள் தகட்டோடு ஒட்டி நிற்கிறதே, அதை ஒரு பூச்சாகப் பார்க்கலாமே என்ற எண்ணம் வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மூலக்கூறு மட்டத்தில் நடப்பதை 1962-ல் மொஹில்னர், ஆடம்ஸ், ஆர்கர்சிங்கர் மூவரும் பிளாட்டின மின்முனையில் ஆராய்ந்து எழுதினார்கள். சுருக்கமாகச் சொன்னால்: அனிலின் மூலக்கூறு மின்முனையிடம் ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. மிஞ்சுவது நேர் மின்சுமையும் ஜோடியில்லாத ஒரு எலக்ட்ரானும் கொண்ட தனி உறுப்பு. அந்த ஜோடியில்லா எலக்ட்ரான் நைட்ரஜன் மேல் மட்டும் நிற்பதில்லை. பென்சீன் வளையத்திலும், குறிப்பாக நைட்ரஜனுக்கு நேரெதிரே உள்ள பாரா இடத்திலும், பரவியிருக்கும். ஒன்றின் நைட்ரஜன் இன்னொன்றின் பாரா கார்பனோடு பிணைந்தால் அமினோடைஃபீனைல்அமீன் என்ற இரட்டை கிடைக்கும். வளையமும் வளையமும் நேரடியாகப் பிணைந்தால் பென்சிடின் வரும். இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அதனால் இந்தக் கரைசலைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது. அனிலினே தோல் வழியாக உள்ளே போய், ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். உதடு நீலம் பாரித்தால் காரணம் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உருவாகும் இரட்டை மூலக்கூறு, அனிலினைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடையும். அதாவது முதல் இணைப்புதான் கடினம். அது நடந்துவிட்டால் அடுத்தடுத்த இணைப்புகள் எளிது. சங்கிலி வளர வளர வளர்ச்சியும் வேகமாகும். அமிலக் கரைசலில் கிடைக்கும் எமரால்டின் உப்பு என்ற பச்சைப் பாலிஅனிலின் மின்சாரத்தைக் கடத்துவது, எனவே படலம் தடித்த பிறகும் எலக்ட்ரான்கள் அதன் வழியாகவே போய் வெளிப்பக்கத்தில் புதிய அனிலினை இணைத்துக்கொண்டே இருக்கும். காரக் கரைசலில் கிடைக்கும் படலம் கடத்தாது. மெல்லியதாகப் பிடித்ததுமே தன் வளர்ச்சியைத் தானே அடைத்துவிடும். தடிமனான, கடத்தும் பூச்சு வேண்டுமென்றால் அமிலம் தேவை என்பது இதனால்தான். இரும்புக்கு வரும் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரும்பின் பக்கம்

அமிலத்தில் அனிலின் ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்குவது, கேலமல் மின்முனையை (அளவீட்டுக்கு ஒப்பீடாக வைக்கும் பாதரச மின்முனை) ஒப்பிட்டுச் சொன்னால், ஏறத்தாழ 0.8 வோல்ட்டில். இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுக் கரைவதற்கான நியம மின்னழுத்தம் ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டு மைனஸ் 0.44 வோல்ட். கேலமலுக்கு மாற்றினால் மைனஸ் 0.68 வரும். இடையில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் தூரம். தகட்டின் மின்னழுத்தத்தை அனிலினுக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்துவதற்கு வெகுமுன்பே இரும்பு கரையத் தொடங்கியிருக்கும்.

இரும்பு அமிலத்தில் எப்போதும் கரைந்துகொண்டே இருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. போதுமான அளவு மின்னோட்டம் கொடுத்தால் கந்தக அமிலத்திலும் ஒரு கட்டத்தில் மேற்பரப்பில் ஆக்சைடு மூடிக்கொண்டு, இரும்பு செயலறு நிலைக்குப் போய்விடும். ஆனால் அந்தத் தடையைத் தாண்டுவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் தேவைப்படும். படலம் வளர்க்க நாம் கொடுப்பது ஒன்றிரண்டு மில்லிஆம்பியர்தான். அந்த மின்னோட்டத்தில் தகடு தடையின் இந்தப் பக்கமே நின்று கரைந்துகொண்டிருக்கும். பொட்டன்ஷியோஸ்டாட்டில் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்து வலுக்கட்டாயமாகத் தாண்ட வைக்கலாமே என்று கேட்டால், சிறு தகட்டில் செய்யலாம்தான். ஆனால் அதற்குள் மேற்பரப்பு எவ்வளவு கரைந்திருக்கும் என்பது கணக்கில் வருகிறது. அந்தச் சிதைந்த பரப்பில் படலம் ஒழுங்காக ஒட்டுவதுமில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தால் கதை இன்னும் மோசம். குளோரைடு செயலறு ஆக்சைடைக் குத்திக் குத்தித் துளைத்துவிடும்.

இந்தச் சிக்கலை இரண்டு விதமாகச் சுற்றிப் போனார்கள். இத்தாலியின் படுவா நகரில் மெங்கோலி குழுவினர் 1981-ல் இரும்புத் தகடுகள் மீது அனிலினை நேர்மின்முனையில் பாலிமராக்கிய முறையை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது காரக் கரைசல். அதில் இரும்பு கரையாது, அங்கே அது இயல்பாகவே செயலறு நிலையில் இருக்கும். பூச்சும் நன்றாக ஒட்டியது. ஆனால் மேலே சொன்னபடி அது கடத்தாத பூச்சு. பெயிண்ட் போல மறைக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது.

இரண்டாவது வழி டேவிட் டிபெரியுடையது. 1985-ல் அவர் மைல்டு ஸ்டீலை விட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எடுத்தார், 410, 430 ரகங்களை. அவற்றில் குரோமியம் ஆக்சைடு ஏற்கெனவே மேற்பரப்பை மூடி வைத்திருக்கும். செயலறு நிலைக்குப் போக வேண்டிய தடையும் தாழ்வு. அமிலக் கரைசலில் பாலிஅனிலின் வளர்ந்தது. இந்த ரகங்கள் நீர்த்த கந்தக அமிலத்தில் அரிக்கப்படக்கூடியவை. பூச்சு பிடித்த தகடுகள் அங்கே நீண்ட நேரம் செயலறு நிலையிலேயே நின்றன. ஒரு பாலிமர் வெறும் மறைப்பாக இல்லாமல், உலோகத்தின் மின்னழுத்தத்தையே பாதுகாப்பான இடத்தில் பிடித்து வைக்கிறது என்று காட்டிய முக்கியமான வேலை அது. இந்தத் துறையில் பின்னால் வந்த உற்சாகத்தின் பெரும்பகுதிக்கு ஊற்று அதுதான்.

ஆனால் உலகத்தில் துருப்பிடிக்கும் எஃகு பெரும்பாலும் மைல்டு ஸ்டீல். குரோமியம் சேர்த்த எஃகில் வென்றோம் என்பது அதற்குப் பதிலாகாது.

ஆக்சாலிக் அமிலம் செய்த வேலை

ஜெர்மனியின் டியூஸ்பர்க்கில் ஃபிரிட்ஸ் பெக் குழு 1990-களின் முதல் பாதியில் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் இரும்பு மீது பாலிபிரோலை (பிரோலிலிருந்து வரும் இன்னொரு கடத்தும் பாலிமர்) வளர்த்தது. அனிலினுக்கு அதே வழியைப் பாரிஸ் 7 பல்கலைக்கழகத்தில் கமலே, லக்ருவா, அயியாச், லகாஸ் ஆகியோர் 1996 முதல் விரிவாக ஆராய்ந்தார்கள். மைல்டு ஸ்டீல் மீது, அமிலக் கரைசலில், ஒரே படியில், ஒட்டி நிற்கும் பாலிஅனிலின் கிடைத்தது.

இதை அருகில் நின்று பார்த்தால்தான் அழகு புரியும். 0.1 மோலார் அனிலின், 0.3 மோலார் ஆக்சாலிக் அமிலம். அனிலின் புதிதாகக் காய்ச்சி வடித்ததாக, நிறமில்லாமலோ மெல்லிய மஞ்சளாகவோ இருக்க வேண்டும். பாட்டிலில் கிடந்து பழுப்பேறிய அனிலினில் காற்று ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கும், அதில் வளரும் படலத்தை நம்ப முடியாது. தகட்டை எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உடனே கரைசலில் இறக்க வேண்டும். மின்னோட்டத்தை மாறாமல் பிடித்து வைத்து, நேரம் போகப் போக மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்ய வேண்டும்.

மின்சாரம் விட்டதும் மின்னழுத்தம் இரும்பு கரையும் இடத்திலேயே, மைனஸ் பக்கத்தில், நிற்கும். வரைபடத்தில் தட்டையான கோடு. பார்ப்பவருக்கு வழக்கம்போலத் தோல்விதான் என்று தோன்றும். தகட்டின் பளபளப்பு மங்கும். அப்புறம் மெல்லச் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு மூட்டம் மேற்பரப்பில் பரவும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது நுண்ணிய படிகங்கள். கரைந்து வெளியே வரும் இரும்பு அயனிகள் ஆக்சலேட்டைச் சந்தித்து இரும்பு(2) ஆக்சலேட்டாக அங்கேயே வீழ்படிகின்றன. படிகங்கள் நெருங்கி இடைவெளிகளை மூடிய கணத்தில் மின்னழுத்தக் கோடு செங்குத்தாக எழும். ஒரு வோல்ட்டுக்கும் மேல் ஒரே தாவல். இரும்பு கரைய இனி வழியில்லை, மின்னோட்டமோ குறையாமல் வந்துகொண்டிருக்கிறது. அது அடுத்து நடக்கக்கூடிய வேலையைத் தேடிப் போகிறது, அந்த வேலை அனிலின் ஆக்சிஜனேற்றம். தகட்டின் ஓரங்களில் முதலில் பச்சை தெரியும், ஏனென்றால் ஓரங்களில்தான் மின்னோட்டம் குவியும். பிறகு நடுப்பகுதிக்குப் பரவி, கரும்பச்சையாகத் தடிக்கும்.

இங்கே நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆக்சாலிக் அமிலம் துருக் கறையை எடுக்க விற்கப்படும் பொருள். துருவைக் கரைக்கும் அமிலம் எப்படி இரும்பைக் காக்கிறது? இரும்பின் இரண்டு நிலைகள்தான் விடை. துருவில் இருப்பது மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு. அதன் ஆக்சலேட் நீரில் நன்றாகக் கரையும், கறை போய்விடும். உலோகத்திலிருந்து அப்போதுதான் கிளம்பிய இரும்பு இரண்டு எலக்ட்ரான் இழந்தது. அதன் ஆக்சலேட் மிகக் குறைவாகவே கரையும், இருந்த இடத்திலேயே படிகமாகும்.

இதே காரணத்தால் அந்த அடுக்கு நிலைத்து நிற்பதும் இல்லை. மின்னழுத்தம் மேலே தாவியதும் இரும்பு(2) இரும்பு(3) ஆகிறது, ஆக்சலேட் அடுக்கு கலைந்து கரையத் தொடங்குகிறது. பாரிஸ் குழுவினரின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூன்று கட்டங்களை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: ஆக்சலேட் அடுக்கு உருவாவது, அது கலைவது, அதன் பிறகு பாலிமர் வளர்வது. அடுக்கு கலைந்தால் இரும்பு மறுபடி கரைய வேண்டாமா? வேண்டாம். அதற்குள் தகடு இரும்பு கரையும் பகுதியைத் தாண்டி, ஆக்சைடு நிலைக்கும் மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டது. கந்தக அமிலத்தில் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் கேட்ட அதே தடையை, ஆக்சலேட் மறைவில் சொற்ப மின்னோட்டத்தில் தாண்டியாகிவிட்டது. கட்டடம் எழும்பும்வரை நின்றுவிட்டுப் பிரிக்கப்படும் சாரத்தைப் போன்ற வேலை அந்த மஞ்சள் அடுக்குக்கு.

இதற்கு இரும்பு கொடுக்கும் விலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஆம்பியர், தாவல் வரும்வரை ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.06 கூலூம். இரும்பு அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான் வீதம் ஃபாரடே விதிப்படி கரைவது ஏறத்தாழ 17 மைக்ரோகிராம். பரப்பு முழுவதும் சீராகப் பிரித்தால் சுமார் 22 நானோமீட்டர் தடிமன். அமிலம் தானாகக் கரைப்பது இதோடு சேரும் என்றாலும், எமரி தாள் ஒருமுறை தேய்த்து எடுப்பதைவிட இது மிகக் குறைவு.

பூச்சின் தடிமனுக்கும் இதே போலத் தோராயக் கணக்கு உண்டு. ஒவ்வொரு அனிலின் அலகும் சங்கிலியில் சேர இரண்டு எலக்ட்ரான், கடத்தும் நிலைக்கு வர அரை எலக்ட்ரான், ஆக இரண்டரை. அதே 1 மில்லிஆம்பியரில் பத்து நிமிடம் வளர்த்தால் 0.6 கூலூம். உள்ளே ஏறும் ஆக்சலேட் அயனியின் எடையையும் சேர்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு மில்லிகிராம் அளவு பாலிமர். நெருக்கமான படலமாக இருந்தால் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரும். நிஜத்தில் படலம் நுண்துளைகளோடு இருக்கும். மின்சாரத்தில் ஒரு பகுதி, சங்கிலி நீளாமல் கரைசலிலேயே தங்கிவிடும் குட்டை மூலக்கூறுகளுக்குப் போகும். ஆகவே இந்த எண்ணைத் தோராயமான வழிகாட்டியாகத்தான் பார்க்க வேண்டும்.

மின்னோட்டத்தைக் கூட்டினால் காத்திருக்கும் நேரம் குறையும். ரொம்பவும் குறைத்தால் இரும்பு அயனிகள் சேர்ந்து படிவதற்குள் கரைசலுக்குள் விலகிப் போய்விடும், அடுக்கு ஒழுங்காக மூடாது. மேல் பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. மின்னழுத்தம் தேவைக்கு மேல் போனால் பாலிமர் தானே சிதைந்து, அதிலிருந்து பென்சோகுவினோன் கிளம்பும், பச்சை பழுப்பாகும், கடத்தும் தன்மை போய்விடும்.

பச்சையாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பூச்சு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லக் கூடாது. அந்த நேர–மின்னழுத்த வரைபடம்தான் நம்பத்தக்க சாட்சி. தட்டையான பகுதி நீண்டு, தாவல் தயங்கித் தயங்கி வந்திருந்தால், மூடாத இடங்கள் எங்கோ இருக்கின்றன என்று அர்த்தம். அந்த இடங்களில் மேலே பாலிமர் பாலம் போட்டிருக்கும், கீழே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். கழுவும்போது நீர் விடாமல் நிறமேறி வந்தால் ஒட்டாத குட்டைச் சங்கிலிகள் நிறைய இருக்கின்றன. உலர்ந்த பிறகு கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுக்கும் சோதனையில் எவ்வளவு பெயர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுவது இந்த வேலையில் சாதாரணமாக நடக்கிறது. மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதே வரைபடத்தைத்தான்.

பூச்சு காக்கிறதா?

படலம் வளர்வது ஒரு கேள்வி, அது இரும்பைக் காக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் துறையில் வாக்குறுதிகள் அளவுக்கு மீறிப் போயின.

காக்கிறது என்பதற்கான சான்று வலுவானதுதான். ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் வெஸ்லிங் 1994-ல் பாலிஅனிலின் பூசிய எஃகின் அரிப்பு மின்னழுத்தம் உயர்வதையும், மேற்பரப்பே மாறுவதையும் காட்டினார். அடுத்த ஆண்டு லூ, எல்சன்பாமர் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட வேலையில், பாலிமருக்கும் எஃகுக்கும் நடுவே இரும்பு ஆக்சைடு அடுக்கு உருவாகியிருப்பது தெரிந்தது. விளக்கம் இப்படி: எமரால்டின் ஒரு ஆக்சிஜனேற்றியாக இரும்பிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஆக்சைடு அடுக்கை உருவாக்குகிறது. தான் ஒடுங்கிய (எலக்ட்ரான்களை ஏற்ற) பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. பூச்சில் ஒரு ஊசித்துளை விழுந்தாலும் அந்த இடத்தில் ஆக்சைடு மூடிக்கொள்ளும். டிபெரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பார்த்ததும் இதே தன்மைதான்.

மறுபக்கமும் உண்டு. டுசல்டார்ஃபில் உள்ள மாக்ஸ் பிளாங்க் இரும்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மிகாலிக், ரோவெர்டர் இருவரும் 2005-ல் இந்த நம்பிக்கையைக் கறாராக அலசினார்கள். சிறு குறை என்றால் பாலிமரிடம் உள்ள சேமிப்பு போதும். பெரிய கீறல் விழுந்தால், அதுவும் உப்பு நீரில், கீறலில் கரையும் இரும்பு பாலிமருக்கு எலக்ட்ரான்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பாலிமர் முழுவதும் வேகமாக ஒடுங்கும். மின்சுமையைச் சமன் செய்யக் கரைசலிலிருந்து நேரயனிகள் பூச்சுக்குள் நுழையும், பூச்சு கீறலிலிருந்து பின்வாங்கி உரிந்துகொண்டே போகும். கடத்தும் தன்மைதான் பாதுகாப்புக்குக் காரணம், அதே கடத்தும் தன்மைதான் பெரிய குறையில் அழிவையும் பரப்புகிறது.

என் கருத்து இது: இடைவிடாத பாலிஅனிலின் படலத்தைத் தனிப் பூச்சாக வெளியுலகத்துக்கு அனுப்பக் கூடாது. மெல்லிய அடிப்பூச்சாக வைத்து மேலே நல்ல எப்பாக்சி போட வேண்டும். கல்லடி படும் இடங்களில் அதையும் நம்பக் கூடாது. இன்னொன்று, நான்குக்கு மேற்பட்ட பி.எச். மதிப்பில் பாலிஅனிலின் தன் அமிலத்தை இழந்து நீலமாகிக் கடத்தும் தன்மையைப் பெருமளவு விட்டுவிடும். மழைநீரும் கடல்நீரும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. ஆய்வகத்தில் அமிலத்தில் காட்டிய பாதுகாப்பைக் கடற்கரைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. அங்கே பிடித்த பாதை சற்று வேறு. மின்முனையிலேயே வளர்ப்பதற்குப் பதிலாக, கரையக்கூடிய பாலிஅனிலின் வகைகளை உருவாக்கி, அமிலத்தில் இரும்பின் அரிப்பைத் தடுக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1992-ல் வெளியான பாலி எத்தாக்சிஅனிலின் பற்றிய கட்டுரை அந்த வரிசையில் வந்தது. பின்னாளில் பாலிஅனிலினை நிறமியாக அரைத்துப் பெயிண்டில் கலக்கும் வழியும் அங்கே பெரிதாக வளர்ந்தது. மின்தொட்டிக்குள் இறக்க முடியாத பாலம், குழாய் போன்றவற்றுக்கு அதுதான் நடைமுறை வழி.

உலோகம் கரையாத இடத்தில்

இரும்பை விட்டுக் கார்பனுக்கு வந்தால், உலோகத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பது எதிர்ப்பக்கமிருந்து தெரியும். கார்பன் இந்த மின்னழுத்தங்களில் கரையாது. அங்கே பென்சீன் வளையம் இல்லாத சாதாரண அலிஃபாட்டிக் அமீன்களையே ஆக்சிஜனேற்றலாம். அமீன் ஒரு எலக்ட்ரானையும், பின் ஒரு புரோட்டானையும் இழக்கும், மிஞ்சும் தனி உறுப்பு கார்பன் பரப்போடு நேரடிப் பிணைப்பு போட்டுக்கொள்ளும். நைட்ரஜனில் ஒரே ஒரு கார்பன் தொகுதி உள்ள முதல்நிலை அமீன்கள் நன்றாகப் பிடிக்கும், இரண்டு உள்ள இரண்டாம்நிலை அமீன்கள் குறைவாக, மூன்றாம்நிலை அமீன்கள் பிடிப்பதில்லை. பிரான்சில் பார்பியே, பின்சோன் முதலியோர் 1990-ல் இதைக் கார்பன் இழைகளில் செய்தார்கள். நோக்கம் அரிப்பு இல்லை. இழை எப்பாக்சியோடு நன்றாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். பெசான்சோன் நகரிலும் ஒரு குழு, கரைப்பானே இல்லாமல் எத்திலீன்டையமீனை பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனேற்றி, பாலிஎத்திலீன்இமீன் போன்ற மெல்லிய படலம் எடுத்தது. அது கடத்தாத படலம், ஆகவே தன் தடிமனைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதன் நைட்ரஜன்கள் புரோட்டானைப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பதால் பி.எச். உணரியாகப் பயன்படுத்த முடிந்தது. இங்கெல்லாம் அமீனைத் தேர்ந்தெடுப்பதே முக்கிய வேலை, அடியில் இருக்கும் பரப்பு தொந்தரவு செய்வதில்லை.

துத்தநாகத்துக்கு வந்தால் மறுபடி சிக்கல், அதுவும் இரும்பைவிடக் கூடுதல். அதன் நியம மின்னழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட். அனிலினுக்கு வேண்டிய அமிலத்தில் மின்சாரம் விடாமலே நுரைத்துக் கரையத் தொடங்கிவிடும். இரும்புக்கு உதவிய தந்திரம் இங்கே போதவில்லை. பாரிஸ் குழு இதற்கு வேலையை இரண்டாகப் பிரித்தது. முதலில் நடுநிலைக் கரைசலில் சோடியம் சாலிசிலேட்டைச் சேர்த்து, அதில் பிரோலை மிக வேகமாகப் பாலிமராக்கினார்கள். சாலிசிலேட் துத்தநாகத்தை அடக்கி வைத்தது, மெல்லிய பாலிபிரோல் தோல் ஒன்று பிடித்தது. அமிலம் இப்போது துத்தநாகத்தை நேரடியாகத் தொடாது. அந்தத் தகட்டை அனிலின் தொட்டிக்கு மாற்றி, பாலிபிரோலையே மின்முனையாக வைத்து மேலே பாலிஅனிலினை வளர்த்தார்கள். 2000-ல் வெளியான அந்த இரண்டு படி முறை மைல்டு ஸ்டீலுக்கும் பொருந்தியது. ஆக்சாலிக் அமிலத்தைக் கட்டாயமாக்காமல் மற்ற அமிலங்களிலும் அனிலினைப் பூச வழி திறந்தது.